‘அவரது சகோதரி’

சாரல் விழும் மாதங்களில் எங்கள் வீட்டில் செய்தித்தாள் சத்தம் போடாது. மற்ற மாதங்களில் பிரிக்கும்போதே சரசரவென்று பேசுகிற தாள், ஆனி பிறந்து குற்றாலத்து மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கியதும் ஈரத்துணியைப் போலத் துவண்டுவிடும். மடித்தால் மடித்தபடி கிடக்கும். புரட்டினால் கட்டைவிரலில் மை ஒட்டிக்கொள்ளும். அந்தக் கையோடு சோற்றில் கைவைக்கக் கூடாது என்று அம்மா சொல்வாள். அந்த நாட்களில் நான் சாப்பிடுவதற்கு முன்னால் கைகழுவியதெல்லாம் அழுக்குக்காக அல்ல, எழுத்துக்காக.

தென்காசியில் பெரிய கோயிலுக்கு மேற்கே ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் அது ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. தெருவில் அவள் ‘சிஸ்டர்’. கீரைக்காரிக்கும் சிஸ்டர், வீட்டுக்காரருக்கும் சிஸ்டர். நான் ‘சிஸ்டர் பொண்ணு’. அப்பா கொல்லத்துக்கு லாரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். அந்த இரண்டு நாளில் யாராவது காய்ச்சலென்று வாசலில் வந்து நின்றால், “சிஸ்டர், ஒங்களத் தேடி ஆள் வந்திருக்கு” என்று அவரே அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். “கட்டுனவளுக்கு இது ஒரு மொற” என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஈரக்கையைத் துடைத்தபடி வருவாள்.

இப்படி வளர்ந்ததால்தானோ என்னவோ, அச்சில் ‘சகோதரி’ என்ற சொல்லைக் கண்டால் என் கண் அங்கே நின்றுவிடும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, துவரம்பருப்புப் பொட்டலத்தைப் பிரித்த பழைய தாளில் ஒரு மரணச் செய்தி இருந்தது. ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் ‘சகோதரி’ என்று போட்டு, அவர் காலமானார் என்றிருந்தது. யாருடைய சகோதரி என்று எங்கும் இல்லை.

“யாருக்கும்மா சகோதரி?”

“கன்னியாஸ்திரிட்டி அவங்க. எல்லாருக்கும் சகோதரி.”

“எல்லாருக்கும்னா, அவங்க அம்மைக்கு எத்தன பிள்ளைக?”

“ஏட்டி, கேள்வியக் கொறச்சுட்டுப் பருப்ப டப்பாவுல தட்டு.”

பருப்பைத் தட்டிவிட்டு, பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதினேன். பிறகு அதற்கென்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டேன். பொட்டலத் தாள்கள், ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா கொண்டுவரும் பழைய கட்டுகள், அலமாரியில் விரித்திருந்த தாள்கள் எல்லாவற்றிலும் தேடினேன். எங்கே பார்த்தேன், எந்தப் பொருளில் வந்தது என்று பக்கத்தில் கோடு போட்டுக் குறித்தேன்.

அந்தக் காலத்துச் செய்தி எழுத்தில் ‘சகோதரி’ ஓர் இடத்தில் நிற்காத சொல். குளத்தில் மூழ்கிய பிள்ளையைக் காப்பாற்றப் போன சகோதரி சித்தி மகளாகவும் இருக்கலாம். நிச்சயமாகச் சொல்லவேண்டுமென்றால் ‘உடன்பிறந்த சகோதரி’ என்று போடுவார்கள். மேடையில் பேசியவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன சகோதரி, முகம் தெரியாத ஆயிரம் பேர். ‘நெல்லைச் சகோதரி ஒருவர் எழுதுகிறார்’ என்றால் பெயரை வெளியிட விரும்பாதவர். நாடுகளுக்கு அந்த உறவு இல்லை; இரண்டு நாடுகள் ஒத்துப்போனால் சகோதர நாடுகள் என்றுதான் போடுவார்கள். சீசன் நேரத்தில் குற்றாலத்து விடுதிகளில் போலீஸ் சோதனை என்ற செய்தியில், உடன் தங்கியிருந்த பெண்ணைத் தன் சகோதரி என்று அவர் கூறினார் என்று வரும். அந்த ஒரு செய்தியில் மட்டும் சொல்லுக்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி இருக்கும். அது எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் கறிவேப்பிலையை மடித்து வைத்துவிட்டாள். நோட்டில் அந்த வரிக்கு எதிரே ‘பொருள் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

ஆறாம் வகுப்பு படித்த வருஷம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு வாரத்தில், சுடலை என்பவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். எண்ணெயும் பாசியும் கலந்த படியில் சறுக்கி, பின்மண்டை அடிபட விழுந்திருந்தார். சொந்த ஊர் கடையம் பக்கம். கல்யாணம் ஆகவில்லை; உறவென்று சொல்ல ஒரே ஒரு அக்கா. கூடவே எண்ணெய் தேய்க்கிற ஒருவர் பஸ் ஏறிப்போய் அந்த அக்காவிடம் தகவல் சொல்லிவிட்டு வந்தார். அக்கா வரவில்லை.

அம்மாவுக்கு டியூட்டி முடிந்த பிறகும் வீட்டுக்கு வர நேரமானதால், பள்ளிக்கூடம் விட்டதும் நான் தூக்குவாளியில் காப்பி கொண்டுபோவேன். இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு நான் பார்த்தது இது: தலையில் கட்டோடு படுத்திருந்தவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், அம்மா மற்றக் கையால் காப்பியைக் குடித்தாள். அவர் “எக்கா” என்றார். அம்மா “இங்கனதான் இருக்கேன்” என்றாள். மூன்றாம் நாள் மாலை அம்மா வீட்டுக்கு வந்து, தலைக்கு ஊற்றிவிட்டு, “அவரு போயிட்டாரு” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. அம்மா தலைவாரிக்கொண்டிருக்க, நான் வழக்கம்போல் உரக்க வாசித்தேன். கடைசி வரி இப்படி இருந்தது: ‘மருத்துவமனையில் அவரது சகோதரி மூன்று நாட்களும் அருகிலேயே இருந்து கவனித்தும் பலனின்றி உயிரிழந்தார்.’

சீப்பு பாதியில் நின்றது. “அந்தப் பொம்பள வரவேயில்லையே” என்றாள் அம்மா. உடனே அவளுக்கே விளங்கிவிட்டது. “நம்ம சைக்கிள் கடை அண்ணாச்சி ‘சிஸ்டர்’னு எழுதிக் குடுத்திருப்பாரு. அங்கன உள்ளவன் அதத் தமிழாக்கிட்டான். பாத்தியாட்டி, இந்த வயசுல எனக்கு ஒரு தம்பி கெடச்சிருக்கான்.” சிரித்துவிட்டுப் பின்னலை முடித்தாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சிதான் அந்தப் பத்திரிகைக்கு எங்கள் ஊர் நிருபர். செய்தியைத் தாளில் எழுதி, உறையில் போட்டு, நெல்லை போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். அங்கே டிரைவர் ஓட்டுநர் ஆவார், டாக்டர் மருத்துவர் ஆவார். சிஸ்டர் சகோதரி ஆகிவிட்டாள். ‘அவரது’ என்ற சொல்லைச் சேர்த்தவர் யாரோ, அவருக்கு வாக்கியம் மொட்டையாக நின்றது பிடித்திருக்காது.

அம்மா சிரித்து மறந்துவிட்டாள். எனக்கு முடியவில்லை. நோட்டில் இதை எந்தப் பொருளின் கீழ் எழுதுவது? எதிலும் சேராத ஒரு சகோதரி அச்சில் இருப்பது தப்பான கணக்கை ‘ரைட்’ போட்டுக் கொடுத்ததுபோல உறுத்தியது. மத்தியானம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதும், அலமாரியிலிருந்து ஓர் அஞ்சலட்டை எடுத்து ஆசிரியருக்கு எழுதினேன்.

‘ஐயா, தங்கள் இதழில் அவரது சகோதரி என்று வந்திருப்பது தவறு. அருகில் இருந்தவர் ஆஸ்பத்திரி சிஸ்டர். அவருடைய சகோதரிக்குத் தகவல் சொல்லியும் அவர் மருத்துவமனைக்கு வரவேயில்லை. எனவே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

‘எனவே’ என்ற சொல் எனக்குப் பெருமையாக இருந்தது. பெயரும் முகவரியும் எழுதி, கோடிவீட்டுக்கு எதிரே இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டேன்.

செய்தி வந்த எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். யூரியா சாக்கைக் கொங்காணி போட்டுத் தலையை மூடியிருந்தாள். கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம்.

“சிஸ்டரம்மா வீடு இதுதானா?”

“ஆமா. யாரு?”

“சுடலைக்கு அக்கா. பேரு முப்பிடாதி. கடையத்துலருந்து வருதேன்.”

அம்மா கதவை அகலத் திறந்தாள். பிறகு, “உள்ள வாங்க எக்கா, நனையாதிய” என்றாள்.

நான் உள்ளறையில் நோட்டோடு இருந்தேன். கதவு கிடையாது, ஒரு பழைய சேலைதான் தொங்கியது. அவர்கள் பேசியது முழுவதும் கேட்டது.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது அவர்கள் முறை. சுடலை முறையோடு கேட்டிருக்கிறார். பெண்ணுக்கு இஷ்டமில்லை, முப்பிடாதி மகள் பக்கம் நின்று வெளியே கொடுத்துவிட்டாள். கல்யாணத்தில் மாமன் சடங்குக்குச் சுடலை வரவில்லை. அன்றோடு அவர் குற்றாலத்துக்குப் போய்விட்டார். ஊர் தம்பி பக்கம் நின்றது. ‘கூடப்பொறந்தவன வெரட்டுனவ’ என்று அவளுக்குப் பெயர் ஆகிவிட்டது. குழாயடியில் கூட அவளோடு முகம் கொடுத்துப் பேசுகிறவர் குறைவு.

“விழுந்துட்டான்னு வந்து சொன்னாரு. கால்ல அடியான்னு கேட்டேன், ஆமான்னாரு, பயப்படுத்தக் கூடாதுன்னு. சரி, எந்திரிச்சு நடக்கட்டும், பெறவு பாப்போம்னு வீம்புல இருந்துட்டேன். மூணாம் நாளு மனசு கேக்காம பஸ் ஏறுனேன், சிஸ்டரம்மா. மத்தளம்பாறை வரைக்கும் வந்தேன். ‘இப்ப எங்க வந்த’ன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டுட்டான்னா? எறங்கித் திரும்பிட்டேன்.”

பாலிதீன் பை ஒன்று பிரிகிற சத்தம் கேட்டது.

“இந்தா அந்தப் பேப்பரு. எனக்கு வாசிக்கத் தெரியாது. பெட்டிக்கடைக்காரரு வாசிச்சுச் சொன்னாரு. ‘மூணு நாளும் போயி நின்னுருக்கியே, சொல்லவே இல்லையேட்டி’ன்னு கேக்காரு. சண்ட போட்டவ எல்லாம் வீட்டுக்கு வந்தா. ‘என்ன இருந்தாலும் கூடப்பொறந்தவல்லா’ன்னு கையப் பிடிச்சு அழுதா. நான் இல்லன்னு சொல்லல. வாயத் தொறக்கணும்னுதான் பாத்தேன், வரல.”

“சரி, விடுங்க எக்கா.”

“நின்னது நீங்கன்னு ஆஸ்பத்திரில சொன்னாவ. ஒண்ணு மட்டும் கேக்கணும். அவன் என்னையக் கேட்டானா?”

அம்மா தன் பலகையை அவள் பக்கம் இழுத்துப்போடுகிற சத்தம் கேட்டது.

“மூணு நாளும் அதுதான் பேச்சு. கடைசில அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல. என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘எக்கா, வந்துட்டியா’ன்னாரு.”

“நீங்க என்ன சொன்னிய?”

“‘வந்துட்டேம்லா’ன்னேன்.”

அதன் பிறகு கேட்ட சத்தத்தை நான் எழுத முயன்றதில்லை. முப்பிடாதி அழுது ஓய்ந்தபின் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: “அப்ப அவன் பாத்தது என்னையத்தான?”

“ஒங்களத்தான் எக்கா.”

“அப்ப பேப்பர்ல போட்டது இப்படியே இருக்கட்டும் சிஸ்டரம்மா. நீங்க யாருட்டயும் சொல்ல மாட்டியள்லா?”

“நான் ஏன் சொல்லப்போறேன். என் வாயிலருந்து வராது.”

சேலைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அப்போதே வெளியே வந்து அஞ்சலட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அம்மா சைக்கிள் கடைக்கு ஓடியிருப்பாள். அண்ணாச்சி எங்கிருந்தாவது நெல்லைக்குப் போன் போட்டிருப்பார். சிறுபிள்ளை எழுதியதை யார் மதிப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது பொய். மதிப்பார்கள் என்று நம்பித்தான் எழுதினேன்.

மதித்தார்கள். செவ்வாய்க்கிழமைத் தாளில், கீழே வலது மூலையில், நான்கு வரி.

‘திருத்தம்: குற்றாலத்தில் தவறி விழுந்தவர் இறந்த செய்தியில், அவரது சகோதரி அருகில் இருந்து கவனித்ததாக வெளியாகியிருந்தது. அதை மருத்துவமனைச் செவிலியர் எனத் திருத்தி வாசிக்கவும். தகவல் தெரிவித்தும் அவரது சகோதரி மருத்துவமனைக்கு வரவேயில்லை.’

கடைசி வாக்கியம் ஏறக்குறைய என்னுடையது. ‘வரவேயில்லை’ என்பதில் இருக்கும் அந்த ஏகாரமும் என்னுடையது.

அன்று நான் உரக்க வாசிக்கவில்லை. எட்டு மணிக்குச் சைக்கிள் கடை அண்ணாச்சியே வந்துவிட்டார். “பாத்தியளா சிஸ்டர், ஒங்க மக பெரிய ஆளு! கார்டு எழுதிப் போட்டிருக்கு. ஆபீஸ்ல எனக்குத்தான் ஏச்சு, ‘ஒரு பிள்ளைக்குத் தெரிஞ்சது ஒமக்குத் தெரியலியா’ன்னு. நான் சிஸ்டர்னுதான எழுதுனேன், அவன் தமிழ்ப்பற்றுக்கு நான் என்ன செய்ய?” சிரித்தபடி என் தலையில் தட்டிவிட்டுப் போனார்.

அம்மா தாளை வாங்கி, தானே வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள் என்று நினைக்கிறேன். ஈரத்தாள் சத்தமில்லாமல் மடிந்தது.

“நீ எழுதுனதா?”

“ஆமா.”

“எழுதுனதுல தப்பு ஒண்ணும் இல்லியே?”

“இல்லம்மா.”

“இல்லதான்” என்றாள். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் அன்றோடு அவள் என்னைச் செய்தித்தாள் வாசிக்கச் சொல்வது நின்றுபோனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு கடையத்துக்குப் பஸ் ஏறினாள். முப்பிடாதியின் தெருவில் குழாயடியைத் தாண்டும்போது, யாரென்று விசாரித்த ஒருத்தியிடம் முப்பிடாதி வீட்டுக்கு அம்மா வழி கேட்டாள். “ஓ, அவளா? தம்பி சாகும்போது எட்டிப் பாக்காதவ, போயி நின்னேன்னு பேப்பர்ல போட வச்சாளே, அந்தப் பெரிய மனுசிதான?” என்றாள் அவள். குடத்தோடு நின்ற மற்றப் பெண்கள் சிரித்தார்கள். செய்தி வருமுன் அவள் வராதவளாக மட்டும்தான் இருந்தாள். இப்போது பொய் சொன்னவளும் ஆகியிருந்தாள்.

முப்பிடாதி கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும், “நீங்க சொல்லலன்னு எனக்குத் தெரியும்” என்றாள் முதல் பேச்சாக.

“எம்மவ எழுதிட்டா எக்கா. எனக்குத் தெரியாது” என்றாள் அம்மா.

முப்பிடாதி என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. “படிக்க பிள்ள. உள்ளதத்தான எழுதிருக்கு” என்று சொல்லிவிட்டு, எங்களை உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி போட்டாள். டம்ளரை என் கையில் கொடுக்கும்போது, “சூடு, பாத்துக் குடி” என்றாள். புறப்படும்போது வாசல்வரை வந்து அம்மாவிடம் சொன்னது மட்டும் நோட்டில் இருக்கிறது: “பத்து நாளு நான் போயி நின்னவளா இருந்தேன்லா, சிஸ்டரம்மா. அந்தப் பத்து நாளும் எனக்கே அப்படித்தான் தோணிச்சு.”

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு நாங்கள் கடையம் போகவில்லை. முப்பிடாதி என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதுதான் முறை.

அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு எழுதிய டைரிகளுக்கு அடியில் கிடக்கிறது. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்குத் தாள் வருவது நின்று சில வருஷமாகிறது. செய்தியைப் போனில் பார்க்கிறேன். அது எந்தச் சாரலிலும் நனைவதில்லை. சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. சிவப்புப் பெட்டியைப் பிடுங்கிய குழி மட்டும் இருந்தது, பிறகு அதையும் சிமெண்டால் பூசிவிட்டார்கள். செய்திகளில் செவிலியர் செவிலியராகவே வருகிறார். தப்பு வந்தால் ‘திருத்தி வாசிக்கவும்’ என்று யாரும் கேட்பதில்லை. காலையில் ஒன்றாக இருந்த வரி மத்தியானம் சத்தமில்லாமல் வேறாகிவிடுகிறது. யாருடைய பத்து நாள் எங்கே போனது என்று பார்க்க ஒரு மூலைகூட மிச்சமில்லை.

போன வருஷம் ஆடியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அங்கே வேலை பார்க்கிற பெண்பிள்ளைகளை இன்றும் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஒன்றை மட்டும் எந்தப் பத்திரிகையாலும் தமிழாக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் மாலை நாலு மணிக்கு நான் அம்மாவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“சிஸ்டர்.”

“நான்தாம்மா” என்றேன்.

“சிஸ்டர், எம்மவ வந்துட்டாளா?”

“அம்மா, நான்தான். ஒன் மகதான் இருக்கேன்.”

அவள் கண் என்னைத் தாண்டி வாசலைத் தேடியது. “கேள்வி கேட்டுட்டே வருவா” என்றாள். “வந்தா உள்ள விடுங்க சிஸ்டர்.”

மூன்றாம் முறை நான் திருத்தவில்லை. “வந்துட்டாங்கம்மா. வெளிய கைகழுவுதாங்க. இந்தா, உள்ள வருதாங்க” என்றேன். அம்மா கையை விடாமலேயே தூங்கிப்போனாள்.

அன்றைய டைரியில், மாலை 4.10 என்று நேரம் போட்டு எழுதியிருப்பது இவ்வளவுதான்: ‘அம்மாவின் அருகில் சிஸ்டர் இருந்தார்.’